சுவர் பத்தாத சொல்

முதல் அநியாயம் மாசிலாமணிக்கு நடந்தது. வெங்கச்சாங்கல் என்கிற வெள்ளைக் கல்லை அரைக்கிற மாவு மில்லில் கல் கொட்டும் வாயிலேயே நின்று வேலை செய்தவன்; சாயங்காலம் வெளியே வரும்போது புருவம், மீசை, காது மயிர் எல்லாம் வெளுத்துத் திருநீற்றில் புரண்டு எழுந்தவன் போல இருப்பான். நாற்பது வயதில் வேட்டியை இழுத்துக் கட்ட மூச்சுப் பத்தாமல் சுவரில் சாய்ந்தவனுக்கு மில் டாக்டர் ஆஸ்துமா என்று எழுதிக் கொடுத்தார். இரண்டாவது அநியாயம் ஒண்டிமுத்துவுக்கு. அவனுக்கு டி.பி. என்று எழுதினார்கள். சளியில் ஒரு கிருமியும் இல்லை, ஆனாலும் மாத்திரை, மூத்திரம் சிவப்பாகப் போகிற மாத்திரை. குணமாகவில்லை என்றதும் நீ ஒழுங்காக மாத்திரை போடுவதில்லை என்று அவனையே திட்டினார்கள், திட்டு வாங்கிக்கொண்டே செத்தான். மூன்றாவது சாமிக்கண்ணுவுக்கு. மெடிக்கல் போர்டு டாக்டர்கள் அவனுக்குச் சரியான பெயரைத்தான் சொன்னார்கள், அறைக்குள் இருந்தவர்கள் காதால் கேட்டார்கள், ஆனால் டைப் அடித்து முத்திரை வைத்து வெளியே வந்தபோது அந்த இடத்தில் ஆஸ்துமா வந்து உட்கார்ந்திருந்தது. நான்காவது, என்று ஆரம்பித்த வையாபுரிக்கு நினைப்பிலேயே மூச்சு முட்டியது. இரும்பு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினார், நெஞ்சுக்குள் யாரோ சாக்கை உதறுவது போல இருந்தது, நிமிர்ந்து சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், பம்பு இருக்கிறது, ஆனால் இங்கே எடுக்கக்கூடாது, போர்டு அறைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு ஆஸ்துமாக்காரன் போலப் பம்பு இழுக்கிறவனுக்கு என்ன எழுதுவார்கள். மறுபடி முதலிலிருந்து. வரிசை மாறக்கூடாது. சங்க மேடையில் முப்பது வருஷமாக இதே வரிசையில்தான் சொல்லி வருகிறார், வரிசை மாறினால் கேட்கிறவனுக்குக் கோபம் ஏறாது. முதல் அநியாயம் மாசிலாமணிக்கு, இரண்டாவது ஒண்டிமுத்துவுக்கு, மூன்றாவது சாமிக்கண்ணுவுக்கு, நான்காவதை மேடையில் சொன்னதில்லை, ஐந்தாவதைத் தனக்குத்தானே கூடச் சொன்னதில்லை. ஐந்தாவதாகப் பேர் கூப்பிடக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

எதிர்ச் சுவரில் ஒரு சுவரொட்டி. ஆஸ்துமாவா, அஞ்ச வேண்டாம், மாதத்தின் முதல் ஞாயிறு பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் வைத்தியரைச் சந்திக்கலாம். அரசாங்க ஆஸ்பத்திரிக்குள்ளேயே வந்து ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். இதுதான் வையாபுரிக்குப் பொறுக்க முடியாதது. ஆஸ்துமாவும் கிரேக்கத்துச் சொல்தான், இளைக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம்; சலூன் படிப்பகத்தில் படித்த எட்டுப் பக்க வெளியீட்டில் கடைசிப் பக்கம் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. அவர் தேடிக்கொண்டிருக்கிற சொல்லும் அதே ஊர்தான், நிமோகோனியோசிஸ். நிமோ என்பது நுரையீரல், கோனிஸ் என்றால் தூசி. சொல்லின் எலும்பு கிரேக்கத்தினுடையது, கோத்தது ஜெர்மனியில் ஒரு டாக்டர். இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று மட்டும் எப்படி டிக்கெட் எடுக்காமல் கப்பல் ஏறி, வெள்ளைக்கார டாக்டரிடமிருந்து கம்பவுண்டருக்கு இறங்கி, கம்பவுண்டரிடமிருந்து மருந்துக் கடைக்கு, அங்கிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு, அங்கிருந்து அடுப்படி வரைக்கும் வந்து, எங்க மாமியாருக்கு ஆஸ்துமாங்க என்று எழுதப் படிக்கத் தெரியாதவள் வாயிலும் சொந்தச் சொல் போல உட்கார்ந்துவிட்டது? ஈளை, இரைப்பு என்று நம் ஆட்கள் சொல்லிக்கொண்டிருந்ததையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிட்டது. நிமோனியா கூட வந்துவிட்டது, அதுவும் பங்காளிதான். இந்த ஒரு சொல் மட்டும் நஷ்டஈட்டுச் சட்டப் புத்தகத்து அட்டவணையோடு நின்றுவிட்டது. உலகத்தில் எந்த நாட்டுச் சட்டத்தைப் புரட்டினாலும் இருக்கிறது என்று வெளியீட்டில் போட்டிருந்தான், எந்த நாட்டுக் கல் உடைக்கிறவன் வாயிலாவது இருக்கிறதா என்று போடவில்லை. ஆஸ்துமா யாரையும் குற்றம் சொல்லாது. உன் உடம்புவாகு, உன் பரம்பரை, பனி, பூனை மயிர், ஊதுபத்தி. தூசி என்று சொன்னால் யாருடைய தூசி என்று அடுத்த கேள்வி வரும். அதனால்தான் அதை ஊருக்குள் விடவில்லை. ஒரு சொல் தானாகப் பரவுவதில்லை, அதைக் கூட்டிக்கொண்டு போக ஆள் வேண்டும், மருந்துக் கம்பெனி வேண்டும், லாட்ஜ் வைத்தியன் வேண்டும், மில் முதலாளி வேண்டும். இந்தச் சொல்லுக்கு யார் இருந்தார்கள்? வையாபுரி இருந்தார். சைக்கிளில்.

சைக்கிளில் காவிக் கரைசல் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு போனது நினைவுக்கு வந்தது, மில் காம்பவுண்டுச் சுவர், முன்னிருட்டு, பெயிண்டர் பொன்னுரங்கம் எட்டு எட்டாக எடுத்து வைத்து அளந்து பார்த்து எழுத ஆரம்பித்தான், ஆள் உயரத்துக்கு எழுத்து. பாதியில் திரும்பி, "தோழரே, சுவரு பத்தலைங்க" என்றான். "சின்னதா எழுதுய்யா." "மொதல்லயே சொல்லியிருக்கோணுமில்லீங்க. இவ்வளவு நீளமா ஒரு வியாதி இருக்கும்னு நான் கண்டனா?" நிமோகோனி என்பதோடு சுவர் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் முள்வேலி. வருஷக்கணக்காக அது அப்படியே இருந்தது, மழையில் கரையவில்லை, நல்ல காவி. தேர்தல் சமயத்தில் ஒரு டீக்கடைக்காரன் கேட்டான், "யாருங்க தோழரே இந்த நிமோகோனி, சுயேச்சையா?" வையாபுரிக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை, இப்போதும் வரவில்லை, தொண்டையில் ஏதோ அசைந்தது, அதுவும் இருமலாகத்தான் முடிந்தது. சுவரை விட்டு ஊர்வலத்துக்கு வந்தார்கள். அந்தச் சொல்லைக் கோஷத்தில் வைக்க முடியவில்லை, வாயில் நிற்காமல் சறுக்கியது, கூட்டம் பாதியில் முணுமுணுத்துவிட்டு அடுத்த ஆளின் முகத்தைப் பார்த்தது. அப்போது அவர்தான் யோசனை சொன்னார், அவரே எழுதினார், எழுதாதே எழுதாதே, ஆஸ்துமா என எழுதாதே. என்ன தாளம், என்ன எடுப்பு! பஸ் ஸ்டாண்டு முதல் தாலுக்கா ஆபீஸ் வரைக்கும் அதிர்ந்தது. ரோட்டோரம் நின்றவர்கள் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல். மறுநாள் மளிகைக் கடையில் அரிசி வாங்கப் போனால் கடைக்காரர் குரலைத் தணித்து, "ஆஸ்துமாவுக்கு உங்க சங்கத்துல ஏதோ மருந்து குடுக்கறீங்களாமே, எங்க அம்மாளுக்கு ஒரு பொட்டலம் கெடைக்குங்களா" என்றார். வருஷம் தவறாமல் ஊர்வலம் போனார்கள், வருஷம் தவறாமல் தொண்டை கிழிய அந்தச் சொல்லையே கத்திக்கொண்டு போனார்கள். லாட்ஜ் வைத்தியன் சுவரொட்டிக்குக் காசு செலவழித்தான். நாம் ஓசியில் செய்து கொடுத்தோம். அதை யோசிக்கக்கூடாது. யோசித்தால் கோபம் எங்கே திரும்ப வேண்டுமோ அங்கே திரும்பாமல் உள்ளே திரும்புகிறது. முதல் அநியாயம் மாசிலாமணிக்கு.

"தலைவரே, டீ சொல்லட்டுங்களா?" சுந்தரமூர்த்தி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான், இப்போது சங்கச் செயலாளர், போன் கையோடு பிறந்தவன் போல இருப்பான். வேண்டாம் என்று கையைக் காட்டினார், பேசினால் மூச்சுச் செலவு. அவன் குனிந்து காதோடு சொன்னான், "உள்ளாற புதுசா வந்திருக்கற டாக்டரம்மா நல்ல மாதிரியாமா. படத்தை வெளிச்சத்துல வெச்சு ரொம்ப நேரம் பாத்துதாம். உங்களுக்கு மட்டும் அந்த வார்த்தை வந்துட்டா தலைவரே, சங்கத்துக்கே மறுபொறப்பு. ஒருத்தருக்கு எழுதிட்டா அடுத்தவனுக்கு இல்லைன்னு சொல்ல முடியாது. மில்லுல தூசி உறியற மெஷின் வெச்சே ஆகோணும், நஷ்டஈடு குடுத்தே ஆகோணும். நோட்டீஸுக்குத் தலைப்புக் கூட யோசிச்சுட்டேன்." சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்திருக்க வேண்டும், போனைத் துடைத்தான். வையாபுரி அவனைப் பார்த்தார். திட்ட முடியவில்லை. இவன் வயதில் தானும் இதையேதான் சொல்லியிருப்பார், சொன்னாரே, சாமிக்கண்ணுவின் கட்டிலோரம் உட்கார்ந்துகொண்டு, உனக்கு அது எழுதிட்டா ஊருக்கே விடிவுடா என்று. சாமிக்கண்ணு அப்போது என்ன சொன்னான்? கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் செத்த பிறகு போர்டு வாசலில் படுத்தார்கள், ஆம்புலன்ஸ் போக வழிவிட்டு மற்ற எல்லாவற்றையும் மறித்தார்கள், மூன்றாம் நாள் கலெக்டர் ஆபீஸிலிருந்து ஆள் வந்து விதி எழுதிக் கொடுத்தான். இனிமேல் போர்டு என்ன முடிவு செய்தாலும் முத்திரை வைப்பதற்கு முன்னால் ஆள் பெயரையும் நோயின் பெயரையும் தொழிலாளர் தரப்புச் சாட்சிகள் இரண்டு பேர் முன்னிலையில் உரக்கப் படிக்க வேண்டும், சாட்சிக்குக் கேட்கவில்லை என்றால் மறுபடி படிக்க வேண்டும். மறுபடி படிக்க வேண்டும் என்பதை வையாபுரிதான் சண்டை போட்டுச் சேர்த்தார். வாழ்க்கையில் ஜெயித்த ஒரே சண்டை. அன்றிலிருந்து உரக்கப் படிக்கிறார்கள். ஆஸ்துமா, ஆஸ்துமா, ஆஸ்துமா என்று உரக்கப் படிக்கிறார்கள்.

இன்றைக்கு அது வருமா. வர வேண்டும். வரக்கூடாது. இங்கேதான் நினைப்பு போய் முட்டிக்கொண்டு நின்றது, விடிகாலையிலிருந்து இங்கேயே முட்டுகிறது. பல்லைத் துலக்கும்போது முட்டியது, பஸ் ஏறும்போது படியில் நின்று மூச்சு வாங்கியபோது முட்டியது, கண்டக்டர் மெதுவாப் பெரியவரே என்றபோது முட்டியது. ஆஸ்துமா என்றால் பம்பு உண்டு, மாத்திரை உண்டு, தொண்ணூறு வயது வரைக்கும் இளைத்துக்கொண்டே இருக்கிறவர்கள் உண்டு. அந்த இன்னொன்று என்றால் மருந்து இல்லை. தூசி பட்டு இறுகிப்போன நுரையீரல் மறுபடி இளகாது என்று எட்டுப் பக்க வெளியீட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தான், அதை ஆயிரம் பேருக்கு உரக்கப் படித்துக் காட்டியவர் இவர்தான். பதினோரு வருஷம் அந்த மில்லில் சாக்குப் பிடித்தார், சங்கம் வைத்ததற்காகத் துரத்தினார்கள், துரத்தியதால் பிழைத்தேன் என்று வேடிக்கையாகச் சொல்வார். தூசி உள்ளே போய் உட்கார்ந்து நிதானமாக வேலை செய்யும் என்று அதையும் அவரே சொல்வார். இரண்டையும் சேர்த்து யோசித்ததில்லை. போன மழைக்காலத்தில் மருந்துக் கடைக்குப் போனார், கடைக்காரப் பையன், "ஆஸ்துமாவுங்களா தோழர்?" என்றான். தலையாட்டினார். ஒரு வார்த்தை பேசாமல் தலையாட்டினார், பம்பை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தார், வழியெல்லாம் நெஞ்சுக்குள் லேசாக, அப்பாடா என்று இருந்தது. அப்பாடா! அந்த அப்பாடாவை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசியது. இன்றைக்குக் காலையில் மனைவி ரங்கநாயகி கோயிலுக்குக் கிளம்பி வாசலில் நின்றவள் திரும்பி வந்து கேட்டாள், "ஏனுங்க, நான் என்னன்னு வேண்டிக்கறது? ஆஸ்துமான்னு எழுதோணும்னு வேண்டிக்கட்டுமா, உங்க வார்த்தைய எழுதோணும்னு வேண்டிக்கட்டுமா?" சாமியாவது பூதமாவது என்று அம்பது வருஷமாக அவளிடம் சொல்லிக்கொண்டிருப்பவர் செருப்பைத் தேடுகிறவர் போலக் குனிந்துகொண்டார். அவள் அவர் முதுகைப் பார்த்து, "சும்மா கும்பிட்டுட்டு வர்றேன்" என்று போனாள்.

கதவு திறந்தது. உள்ளேயிருந்து நாச்சாயி வந்தாள், மில்லில் சாக்கு வாய் தைக்கிறவள், பட்டியலில் அவருக்கு முந்தின பெயர். அவளுக்குச் சாட்சி நிற்க அவர் போகவில்லை, அவர் யோசனையில் இருந்தபோது சுந்தரமூர்த்தியும் இன்னொரு ஆளும் எழுந்து போனார்கள்; இப்போது சுந்தரமூர்த்தி வந்து பழைய நாற்காலியில் உட்கார்ந்தான், அந்த ஆள் அப்படியே கிளம்பிவிட்டான். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கும்பிட்ட கையோடு வந்தாள். "ஆஸ்துமாவேதானுங்ணா. நான் கும்புட்ட சாமி கைவிடலைங்ணா." வையாபுரிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "உன்னை என்னன்னு கேட்டாங்க உள்ளே?" "எத்தன வருசமா எளைக்குதுன்னு கேட்டாங்க. எங்கம்மாளுக்கும் இருந்துச்சு, சின்னப் புள்ளையிலிருந்தே இருக்குதுன்னேன்." "இருந்துச்சா உங்கம்மாளுக்கு?" அவள் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "எங்கம்மா மூட்டை தூக்குனவங்ணா. அதுக்கேது எளைப்பு." "அடிப்பாவி! பொய் சொல்லி வாங்கிட்டு வந்திருக்கயே. படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை பேர்…" மூச்சு நின்றுவிட்டது, மீதியைக் கையால் சொல்லப் பார்த்தார். நாச்சாயி அவர் முதுகைத் தடவிவிட்டாள், தடவிக்கொண்டே சொன்னாள், "உங்க வார்த்தைய வெச்சுக்கிட்டு நான் எங்கீங்ணா போறது? புள்ளைக்கு ஆவணியில கண்ணாலம். ஆஸ்துமான்னா சம்பந்தி வீட்டுல, எங்க சித்தாத்தாளுக்கும் உண்டுங்கன்னு உக்காந்து மருந்து சொல்லுவாங்க. உங்க வார்த்தையச் சொல்லிப் பாருங்க, டம்ளரைத் தனியா வெப்பாங்க. அதையெல்லாம் யாருங்ணா கேட்டிருக்கறாங்க? கேக்காத பேருன்னா சாவற வியாதின்னுதான நெனைப்பாங்க." "சாவற வியாதிதானே." "அதைத்தானுங்ணா நானுஞ் சொல்றேன்." நான்காவது அநியாயம் இதுதான். மேடையில் சொல்ல முடியாத அநியாயம். எவனுக்காக அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு அலைந்தாரோ அவனே கதவைச் சாத்திக்கொண்டு, இந்த வீட்டில் இடமில்லை, முன்னாலேயே ஒரு ஆள் குடியிருக்கிறார் என்கிறான். கோபம் வந்தது, கோபத்துக்கு அடியில் வேறொன்றும் வந்தது, அது பொறாமை. இவளுக்கு அப்பாடா என்று சொல்ல முடிகிறது, உரக்க, கும்பிட்ட கையோடு.

"மு. வையாபுரி! சாட்சிங்க ரெண்டு பேரும் வாங்க!" அட்டெண்டர் கதவுக்கு வெளியே தலையை நீட்டினான். சுந்தரமூர்த்தி எழுந்தான், சுற்றுமுற்றும் பார்த்தான், கிளம்பிப் போன ஆளைத் திட்டினான். "இன்னொருத்தர் வேணுமே. மில்லுல வேலை பாத்த ஆளா இருக்கோணும்" என்றான் அட்டெண்டர். எல்லோரும் நாச்சாயியைப் பார்த்தார்கள். "நானுங்களா? நா என்னத்தைக் கண்டேன்." "நீ ஒண்ணும் காணவேண்டாம்மா, கேட்டாப் போதும்" என்றான் அட்டெண்டர். வையாபுரி எழுந்தார், கதவு வரைக்கும் இருக்கிற தூரம் மில் காம்பவுண்டுச் சுவர் மாதிரி நீண்டது, நடந்துகொண்டே முதல் அநியாயம் மாசிலாமணிக்கு என்று ஆரம்பித்தார், மாசிலாமணியின் வெளுத்த புருவம் வந்தது, மற்றவர்கள் வருவதற்குள் அறைக்குள் வந்துவிட்டார். ஏ.சி. குளிர். நீள மேசைக்குப் பின்னால் மூன்று டாக்டர்கள், நடுவில் அந்தப் புது டாக்டரம்மா, ஜலதோஷம் பிடித்த மூக்கோடு, கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். பின்னால் வெளிச்சப் பெட்டியில் ஒரு நெஞ்சுப் படம் மாட்டியிருந்தது, புகைமூட்டத்துக்குள் வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள், யாரோ மாவை அள்ளி வீசினது போல. யாருடைய படம் என்று பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது தன்னுடையது என்று புரியச் சற்று நேரமாயிற்று. மாவு. இத்தனை நாள் சுவரில் எழுத இடம் தேடினோமே. "உக்காருங்க ஐயா" என்றார் டாக்டரம்மா. அவர் உட்காரவில்லை. இந்த நிமிஷத்தை எத்தனை தடவை மனசுக்குள் பார்த்திருக்கிறார், நெஞ்சை நிமிர்த்தி நிற்பார், சொல் விழும், கையை உயர்த்துவார். அந்தக் காட்சியில் கட்டிலில் கிடக்கிறவன் எப்போதும் வேறொருவன். ஆஸ்துமா என்று சொல்லிவிடுங்கள் அம்மா, என்று உள்ளே ஒரு குரல் கேட்டது, தெளிவாக, கோஷத்தின் தாளத்திலேயே. அதை அமுக்கினார். அமுக்க அமுக்க மேலே வந்தது. டாக்டரம்மா காகிதத்தை எடுத்து, மூக்கை உறிஞ்சிவிட்டுப் படித்தார். நாடகம் இல்லாமல், பால் கணக்குப் படிப்பது போல, ஒரு இடத்திலும் சறுக்காமல் படித்தார். அந்தச் சொல்லை அவர் சொன்ன மாதிரி, இடறாமல், வாய்க்குப் பழகின சொல்லாக, வையாபுரி இதற்கு முன் யார் வாயிலும் கேட்டதில்லை.

சுந்தரமூர்த்தி வாழ்க என்று சொல்லப் போகிறவன் போல வாயைத் திறந்தான், திறந்தபடியே நின்றான், போனைப் பைக்குள் போட்டான். நாச்சாயிதான் முதலில் பேசினாள், மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு. "ஆஸ்துமா இல்லீங்களா டாக்டரம்மா?" "இல்லம்மா." "எனக்கு மாதிரியேதானுங்க இவருக்கும் எளைக்குது. பம்பு கூட வெச்சிருக்கறாருங்க, பாருங்க பையில. நல்லாப் பாத்துப் படிங்க, எனக்குச் சரியாக் கேக்கலைங்க." அவளுக்குக் கேட்டிருந்தது. முகத்திலேயே தெரிந்தது, கண் நிறைந்து நின்றது. பக்கத்திலிருந்த டாக்டர் எரிச்சலோடு கடிகாரத்தைப் பார்த்தார். டாக்டரம்மா அவளைப் பார்த்தார், வையாபுரியைப் பார்த்தார், மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்த பழைய விதித் தாளைப் பார்த்தார். சாட்சிக்குக் கேட்கவில்லை என்றால் மறுபடி படிக்க வேண்டும். வையாபுரி, வேண்டாம், கேட்டுவிட்டது என்று சொல்ல வாயெடுத்தார், மூச்சு வரவில்லை. மூச்சு வந்தபோது அதைச் சொல்லவில்லை, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "படிங்க" என்றார். டாக்டரம்மா காகிதத்தை வெளிச்சத்துக்கு உயர்த்தி, நாச்சாயிக்குக் கேட்கும்படி, ஒவ்வொன்றாக நிறுத்தி மறுபடி படித்தார்: "பெயர், மு. வையாபுரி. தகப்பனார் பெயர், முத்துவீரன். தொழில், முன்னாள் கல்மாவு மில் தொழிலாளி. நோயின் பெயர், நிமோகோனியோசிஸ்."